ஊசி கோத்த கண்

"இஞ்சாருங்கோ, மாப்பிள்ளை வீட்டார் வந்திட்டுப் போகுமட்டும் நீங்கள் குசினியை விட்டு வெளியிலை வரப்படாது," என்றார் இரத்தினம்மா.

"என்ரை வீட்டிலை நான் ஒளிக்கிறதோ?" நமசிவாயம் அடுப்படியில் நின்றபடி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டார். அதன் கனத்தில் அவருடைய காதுகள் முன்பக்கம் மடங்கியிருந்தன.

"உங்கடை கண்தானே பிள்ளைக்கும் வந்தது? உங்களைக் கண்டா அவையளுக்கு எல்லாம் விளங்கிப்போம். உந்தக் கண்ணாடியாலை மூண்டு சம்பந்தம் குழம்பிப்போச்சு."

மகள் குணலட்சுமி தன் கண்ணாடியைக் கழற்றிச் சீனிப்பேணிக்குள் ஒளித்தாள். மாப்பிள்ளையின் படத்தை மூக்கோடு ஒட்டிப் பார்த்த நாளிலிருந்து, இந்தச் சம்பந்தம் குழம்பக்கூடாது என்று கோப்பாயில் ஒரு கோயில் விடாமல் நேர்ந்திருந்தாள். குசினியிலிருந்து விறாந்தைக்குப் பதினான்கு அடி. கண்ணை மூடி நடந்து பழகியாயிற்று.

தேநீர் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது.

மாப்பிள்ளையின் தாய் இராசமலர் கைப்பையைத் திறந்து ஊசியும் நூலும் எடுத்தார்.

"குறை நினைக்காதையுங்கோ. தாய்க்கும் தேப்பனுக்கும் பார்வை குறைவெண்டா பிள்ளையளுக்கும் தப்பாமல் வருமாம். கண் டொக்டர் சொன்னவர். இதை ஒருக்காக் கோத்துக் காட்டு, பிள்ளை."

வேலியோரம் நிற்பது ஆடா மாடா என்று கேட்டிருந்தால் நாலாவது சம்பந்தமும் குழம்பியிருக்கும். கிட்டப் பார்ப்பதில் குணலட்சுமியை வெல்ல ஊரில் ஆளில்லை. ஒரே முறையில் கோத்தாள்.

"சோக்கான கண்!" இராசமலர் பூரித்துப்போனார். "எங்களுக்குச் சம்மதம். என்னடா தம்பி?"

வந்ததிலிருந்து தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை செல்வரட்ணம், "ஓம் அம்மா," என்றார் அடக்கமாக.

"தேப்பனைத்தான் காணேல்லை," என்றார் இராசமலர்.

"தோட்டத்துக்குப் போனவர். இப்ப வந்திடுவார்."

குசினிக்குள் தும்மல் கேட்டது.

"பூனை," என்றார் இரத்தினம்மா.

விடைபெற்று முற்றத்தில் இறங்கிய செல்வரட்ணம் சட்டென்று நின்றார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த நமசிவாயத்தின் வேட்டியைப் பார்த்துப் பணிவாகக் கைகூப்பினார்.

"போட்டு வாறம், மாமா."

இராசமலர் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவசரமாக வேலிப் படலையைத் தாண்டினார்.

விறாந்தையில் நின்ற குணலட்சுமி பதறிப்போய்த் தாயின் காதில் குசுகுசுத்தாள்.

"ஐயோ அம்மா, ஐயாவை வெளியிலை வரவேண்டாமெண்டெல்லோ சொன்னனீங்கள்!"