சிவப்புக் கார்

இடைவேளை விட்டதும் தியேட்டர் கேன்டீனில் கூட்டம் மொய்க்கிறது. கண்ணாடிப் பெட்டியின் மஞ்சள் வெளிச்சம் டீ ஊற்றும் அக்காவின் பாதி முகத்தில் விழுகிறது. மீதியை ஆவி மறைக்கிறது. எதிரே கையில் பாப்கார்னோடு இரண்டு நண்பர்கள். “எந்தப் படத்துக்குப் போனாலும் ஒரு காரு, அதத் தொரத்திக்கிட்டு நாலு காரு. சலிச்சுப் போச்சுடா.” “அதுவும் அந்தச் சிவப்புக் காரு! ரெண்டு தடவ உருண்டா பத்தாதா? மூணாவது தடவையெல்லாம் ரொம்ப ஓவர். யாரு நம்புவா?” அந்தக் காரைக் கதாநாயகனுக்குப் பதிலாக ஓட்டியவர் அக்காவின் கணவர். ஏழு மாதமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீட்டில் கிடக்கிறார். படம் வந்து நான்கு நாளாகியும் அவள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. காட்சிக்குக் காட்சி டயர் கிறீச்சிடுவதும், பின்னாலேயே விசில் பறப்பதும் கதவைத் தாண்டி அவள் காதுக்கு வந்துவிடுகின்றன. டீயை நீட்டியவள் கப்பை விடாமல் பிடித்திருக்கிறாள். “ரெண்டு தடவதான் உருளும்னு சொல்லித்தான் தம்பி அவரக் கூட்டிட்டுப் போனாங்க.” “யாரக் கூட்டிட்டுப் போனாங்கக்கா?” என்கிறான் ஒருவன். “டேய், படம் போட்டுட்டான், வா!” என்று மற்றவன் இழுக்க, கப்பை வாங்கிக்கொண்டு இருவரும் இருட்டுக்குள் ஓடுகிறார்கள். ‘என் வீட்டுக்காரர’ என்ற பதில் அவள் வாயோடு நின்றுவிடுகிறது.