மாட்டேன் என்றவள்

வீரம்மா மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதுவும் கொழும்பிலிருந்து வந்தவர்கள் முன்னால்.

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சிவசாமிக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. இருக்காதா பின்னே?

அவர் மகள் சர்மிளா டாக்டர். அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து டாக்டரான முதல் ஆள். சத்து மாத்திரை விழுங்கியும் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு ரத்தம் ஏன் ஊறுவதில்லை என்று ஆராய்ச்சி செய்யப் போகிறாள். அதற்குப் பணம் கேட்டு ஒரு சுகாதார அறக்கட்டளைக்கு மனுப் போட்டிருந்தாள். பரிசோதனைக்கு மாதாமாதம் ரத்தம் கொடுக்கப் பெண்களுக்குச் சம்மதமா என்று நேரில் கேட்கத்தான் அறக்கட்டளைக்காரர்கள் வந்திருந்தார்கள்.

மகள் காரியம். சிவசாமி சும்மா இருப்பாரா? அவர்கள் வருவதற்கு முதல் நாள் காலையே, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு ஒருத்தி விடாம பிள்ளைக் காம்பராவுக்கு வந்திரணும். கேட்டா சரின்னு சொல்லணும். நம்ம புள்ள காரியம், தெரியுதா?"

வந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற அந்தக் காம்பராவின் வாசலைத் தலைவர் மறித்துக்கொண்டு நின்றார்.

"விருப்பமில்லேன்னா வேணாம்னு சொல்லலாம். தெரியும்தானே?" கொழும்பிலிருந்து வந்த பௌசியா மேடம் ஒவ்வொருத்தியிடமும் கேட்டார்.

ஒவ்வொருத்தியும் வாசலைப் பார்த்தாள். "சரிதாங்க. தலைவரு சொல்லிட்டாரு."

சிவசாமி மீசையைத் தடவிக்கொண்டார். மேடம் பேனாவை மூடி வைத்தார். காரியம் முடிந்தது என்று நினைத்தார் சிவசாமி.

அப்போதுதான் கடைசி வாங்குப் பலகையிலிருந்து வீரம்மா எழுந்தாள்.

"நான் ரத்தம் குடுக்க மாட்டேங்க."

"ஏய், என்னா பேசுற நீ?"

"அப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க." சர்மிளா வீரம்மாவிடம் திரும்பினாள். "சரிங்க பெரியம்மா, ஒங்க விருப்பம். முழங்கால் மருந்து முடிஞ்சிருக்குமே? செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க, எடுத்து வைக்கிறேன்."

"வாறேன் தாயி."

சிவசாமி முறைத்துக்கொண்டே படியிறங்கினார்.

பொழுது சாய, குழாயடியில் வீரம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"சங்கம் மாறினவதானே நீ? அந்தக் கோவத்த எம் புள்ள மேல காட்டுறியா?"

வீரம்மா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "சந்தா எந்தச் சங்கத்துக்குக் குடுத்தா என்னா? ரத்தம் என்னோடதுதானே, தலைவரே."

அவ்வளவுதான். போய்விட்டாள். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் பணம் கிடைத்தது. சர்மிளா போனில் சொன்னாள்.

"பாத்தியா? அவ கெடுத்தும் கெடச்சிருச்சு."

"அவங்க கெடுக்கலப்பா. கெடுக்கப் பாத்தது நீங்க."

"நானா?"

"எல்லாரும் ஒங்க மொகத்தப் பாத்தே சரின்னாங்க. இது சம்மதமில்ல, கட்டாயம்னு மேடம் மனுவத் தள்ளிவிடப் பாத்திருக்காங்க. வீரம்மா பெரியம்மா எல்லாருக்கும் முன்னால மாட்டேன்னாங்க. அவங்கள யாரும் ஒண்ணும் பண்ணல, மருந்தும் நிக்கலன்னு மத்தவங்க பாத்தாங்க. நீங்க போன பிறகு மேடம் ஒவ்வொருத்தரையும் தனியா கூப்பிட்டுத் திரும்பக் கேட்டாங்க. சில பேர் வேணாம்னாங்க. மத்தவங்க மனசாரச் சரின்னாங்க. அதுக்குத்தான்பா பணம்."

சிவசாமி போனை வைத்துவிட்டுக் குழாயடிப் பக்கம் பார்த்தார்.

ரத்தம் எடுக்கிற முதல் நாள். வரிசையில் முதல் ஆளாகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வீரம்மா.

தள்ளி நிற்க வேண்டும் என்றுதான் சிவசாமி வந்தார். பொறுக்கவில்லை.

"மாட்டேன்னியே?"

"வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்னு வீடு வீடா ஏறி வந்து சொன்னது ஒங்க மக. ஒருத்தியும் சொல்லலன்னா புள்ள பேச்சு பொய்யாப் போயிராதா? அதான் சொன்னேன். இன்னைக்கு எனக்கு விருப்பம், குடுக்கிறேன். கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

சர்மிளா தலையைக் குனிந்து சிரித்தாள். சிவசாமி நகர்ந்தார்.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நம்ம லயத்துப் புள்ள ஆராய்ச்சி பண்ணுது, கொழும்பு பணம் குடுக்குது. சும்மாவா? முன்னுக்கு நின்னு முடிச்சுக் காட்டிட்டீங்களே, தலைவரே."

சிவசாமியின் கை மீசைக்குப் போனது. பாதியில் இறங்கியது. பெரட்டு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"முடிச்சது நான் இல்ல. வீரம்மா."