முப்பத்தெட்டாவது பெயர்

அலுவலக அறையிலிருந்து வெளியே வந்த ஒரு பெண், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். "நில்லுடி, நில்லுடி" என்று ஃபைலும் கையுமாக அவள் அம்மா பின்னால் ஓடினாள்.

"வெயிலு ஒத்துக்கல போல," என்றார் அமலநாதன். மகள் ஆஷ்லினை வராந்தா பெஞ்சில் காலியாக இருந்த இடத்தில் உட்காரவைத்து, தானும் ஓரமாக ஒண்டிக்கொண்டார்.

அந்த அரசு நர்சிங் கல்லூரியில் இருப்பதே நாற்பது சீட்டு. நாலாயிரம் பேர் எழுதிய பரீட்சையில் ஆஷ்லினுக்கு முப்பத்தெட்டாவது ரேங்க். போன வருஷம் கிடைக்காமல், ஒரு வருஷம் வீட்டோடு கிடந்து படித்து வாங்கியது. உள்ளே கூப்பிட்டதும் சான்றிதழைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் சீட்டு அவளுக்கு.

பெஞ்சில் பக்கத்தில் வெள்ளைப் புடவை கட்டிய ஓர் அம்மாள். அவள் மேலிருந்து டெட்டால் வாசனை வந்தது. பெரிய நர்சம்மா போல என்று ஆஷ்லின் காலை அடக்கி உட்கார்ந்தாள்.

"எத்தினியாவது ரேங்க்கு, கண்ணு?"

"முப்பத்தெட்டு, ஆன்ட்டி."

"அடி ஆத்தே, கெட்டிக்காரி!" அந்த அம்மாள் அவள் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கிக்கொண்டாள். "எம்பேரு மணியம்மா. இருவது வருஷமா ஆஸ்பத்திரி வார்டுதான் எனக்கு வீடு. இன்னா சந்தேகமோ கேளு."

சேதராப்பட்டு கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்த அமலநாதனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "நல்லா சொல்லிக் குடுங்கம்மா. வீட்ல மீன் கழுவுனாலே இது தெருவுக்கு ஓடிடும்," என்று சிரித்துக்கொண்டே, எதிர் பேக்கரியில் வாங்கிவந்த கிரீம் பன்னை மகள் கையில் கொடுத்தார்.

"மீனு கெடக்குது சார். சக்கரை வியாதிக்காரன் காலு ஒண்ணு பாத்துட்டா, மீனெல்லாம் மல்லிப்பூ."

ஆஷ்லினுக்கும் சிரிப்பு வந்தது. பன்னை ஒரு கடி கடித்தாள்.

"மொத நாளே கட்டுப் பிரிக்கச் சொல்லுவாங்க. துணி சதையோட ஒட்டிக்கினு இருக்கும். தண்ணி ஊத்தி ஊறவெச்சி உரிச்சா, உள்ள வெள்ள வெள்ளையா நெளியும்."

"இன்னாது நெளியும்?"

"புழுதான் கண்ணு. பொங்குன சோறு மாதிரி இருக்கும். இடுக்கி வெச்சி ஒண்ணொண்ணா எடுக்கணும். ஒண்ணு வுட்டாலும் உள்ள பூந்துக்கும்."

ஆஷ்லினுக்கு மெல்லுவது நின்றுபோனது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அதாவது பரவால்ல. முதுகுல கட்டி வரும், தேங்கா அளவுக்கு. அது ஓரத்துல ரெண்டு கட்டவெரலையும் வெச்சி லேசா அழுத்தணும்." மணியம்மாள் காற்றில் அழுத்திக் காட்டினாள். "பீச்சும் பாரு, மஞ்சளா, கெட்டியா! அந்த நாத்தம் மூணு நாளைக்கு மூக்க வுட்டுப் போவாது. அந்நேரம் வாயத் தொறந்துக்கினு மட்டும் நிக்கக் கூடாது."

ஆஷ்லினின் கை தானாக இறுகியது. பன்னின் வயிறு பிளந்து, மஞ்சள் கிரீம் பிதுங்கி அவள் விரலிடுக்கில் வழிந்தது. அதையே வெறித்துப் பார்த்தாள்.

அமலநாதனும் பார்த்தார். தன் பங்குப் பன்னைக் காகிதத்தோடு மெல்லப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

"போவப் போவ பழகிடும்ல, ஆன்ட்டி?" அழுகிற குரலில் கேட்டாள் ஆஷ்லின்.

"பழகாம இன்னா! விடிய விடிய காறித் துப்புன சளிய, காலைல கிண்ணத்தோட எடுத்து அளக்கணும். நூல் வுடுதான்னு சாய்ச்சி சாய்ச்சிப் பாக்கணும். ஒருக்கா கை தவறி மூஞ்சில…"

"அப்பா!" ஆஷ்லின் துள்ளி எழுந்தாள். "எனக்கு வேணாம். வா, போயிடலாம்."

"ஒரு வருஷம் முழுக்கப் படிச்சியேம்மா…"

"தெனம் தெனம் எப்டிப்பா? சீ… என்னால முடியாது!"

அமலநாதனுக்கே வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா," என்று மணியம்மாளைப் பார்த்தார்.

"பச்சப் புள்ளைய கட்டாயப்படுத்தாதீங்க சார். சேந்துட்டு பாதில வுட்டா சர்ட்டிபிகேட்டத் திருப்பி வாங்க நாயா அலையணும். சீட்டு வேணாம்னு இப்பவே எழுதிக் குடுத்துட்டா பாப்பா நிம்மதியா இருக்கும்." கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து நீட்டினாள்.

எத்தனை நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டே அமலநாதன் எழுதினார்.

உள்ளே இருந்த கிளார்க் தாளை வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "யோசிச்சீங்களா? சீட்டு வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்குற அடுத்த பொண்ணுக்குப் போயிடும். நாளைக்கு வந்து கேட்டா கெடைக்காது."

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆஷ்லின் தலையாட்டினாள். கிளார்க் பட்டியலில் முப்பத்தெட்டாவது பெயரின் மேல் சிவப்புக் கோடு கிழித்தார்.

அமலநாதன் வண்டி எடுக்கப் போக, ஆஷ்லின் படிக்கட்டுக்குக் கீழே இருந்த குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எத்தனை கழுவியும் விரலிடுக்கில் பிசுபிசுப்பு போகவில்லை.

தலைக்கு மேலே, வராந்தாவிலிருந்து மணியம்மாள் போனில் பேசுவது கேட்டது. அதே பரிவான குரல்.

"கவிநிலா, அம்மாதான் பேசறேன். மூணாவது பொண்ணும் எழுதிக் குடுத்துட்டுப் போயிடுச்சு… வெயிட்டிங் லிஸ்ட்ல இப்ப நீதான், சட்டுனு கெளம்பி வாடி!"