வளைவில் ஒரு பம்ப் அறை

"அப்போ பெட்ரூம் கதவை இனிமே சாத்தவே முடியாதா?"

கலைச்செல்வி துடைப்பத்தோடு நின்று கேட்டாள். ஹாலில் டிவிக்குக் கீழே தொடங்கிய பலகை, படுக்கையறை வாசலைத் தாண்டிக் கட்டில் வரை போயிருந்தது. அதன் மேல் வளைந்து செல்லும் தண்டவாளம்.

"வளைவு அம்புட்டு நீளம், செல்வி. நான் என்ன செய்ய?" என்றார் ஆறுமுகநயினார். "நிஜத்துல ஒரு மீட்டர்னா இங்க பதினொன்றரை மில்லிமீட்டர். அதுக்கு மேல சுருக்கக் கூடாது."

"வளைவைச் சுருக்கக் கூடாது, வீட்டைச் சுருக்கலாம். நல்லா இருக்கு."

தரையில் உட்கார்ந்து மின்கம்பம் நட்டுக்கொண்டிருந்த சாதனா சிரித்தாள். மேல் மாடிக்காரி. பில்டர்களுக்குக் கட்டட மாடல் செய்து கொடுப்பது அவள் தொழில். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் பிரித்துவிட்டு மறுபடி ஒட்டுகிறவள்.

செம்பூரில் அந்த பில்டிங்கில் இருந்தவர்கள் இதை ரிடையரான மனிதரின் பொழுதுபோக்கு என்றே நினைத்தார்கள். குழந்தைகள் எட்டிப் பார்த்து, ட்ரெய்ன் எப்போது ஓடும் என்று கேட்டுவிட்டுப் போயின. இந்த ட்ரெய்ன் ஒரே ஒரு முறை ஓடுவதற்காகத்தான் செய்யப்படுகிறது என்பது மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

இருபத்தாறு வருடம் மோட்டார்மேனாக லோக்கல் ட்ரெய்ன் ஓட்டியவர் அவர். ரிடையராக நாலு மாதம் இருக்கும்போது, தேவ்நார் பக்கம் ஒரு வளைவில், பம்ப் அறைக்கு அப்பால் ஒருவன் தண்டவாளத்தில் நின்றிருந்தான். பிரேக் பிடித்தார். வண்டி நிற்க இருநூறு மீட்டர் வேண்டும். கிடைக்கவில்லை.

அவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதம் அவருக்குப் போதவில்லை. இருநூறு மீட்டரிலேயே அந்த ஆள் கண்ணில் பட்டிருக்க வேண்டியவனா, தான்தான் பார்க்காமல் விட்டோமா என்பது தெரிந்தாக வேண்டும். கண்ணை மூடினால் பம்ப் அறைச் சுவர் ஒரு நாள் தண்டவாளத்தை ஒட்டி நின்றது, மறுநாள் தள்ளி நின்றது. இரண்டு வருடமாகத் தூக்கமில்லை. நேரில் போய்ப் பார்க்கலாம் என்றாலோ, டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும்தான் கால் போயிற்று.

அதனால் அளவெல்லாம் கலைச்செல்விதான் எடுத்து வந்தாள். டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய், அங்கே தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேனைப் பிடித்து, மறுமுனையை அவர் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் எழுதினாள். கம்பத்துக்குக் கம்பம், சுவரின் உயரம், தண்டவாளத்தோரத்துப் பாலக் கீரைப் பாத்திகூட விடவில்லை. இவர் ஸ்பாஞ்சைப் பச்சைச் சாயத்தில் தோய்த்து, பிய்த்துப் பிய்த்துக் கீரையாக ஒட்டினார். சலித்த மணல் ஜல்லியாயிற்று. டீ டிகாக்‌ஷன் துருவாயிற்று.

கடைசியில் பம்ப் அறை.

"தண்டவாளத்துல இருந்து மூணு மீட்டர்னு எழுதியிருக்கே. டேப்பை நேராப் பிடிச்சியா?"

"பிடிச்சேன்."

"தொய்யலையே?"

"சந்தேகம்னா நீங்க போய் அளந்துட்டு வாங்க."

சாதனா அளவுகோலை வைத்துப் பார்த்து, பம்ப் அறையின் அடியில் பசை தடவினாள்.

"நல்லா ஒட்டிரு தாயி," என்றாள் கலைச்செல்வி. "பெருக்கும்போது தொடப்பம் பட்டு நகர்ந்துச்சுன்னா என்னையத்தான் வைவாக."

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறுமுகநயினார் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். சாதனாவும் இறங்கி வந்தாள். அன்று அவள் அதிகம் பேசவில்லை. வளைவுக்கு அப்பால் ஒரு சின்னஞ்சிறு மனிதனை நிறுத்தினார்கள். அவனுக்கு நீலச் சட்டை. அந்த நீலத்தை அவரே பூசியிருந்தார்.

இருநூறு மீட்டர் குறியில் ட்ரெய்னை நிறுத்தினார். மண்டியிட்டு, கன்னத்தைப் பலகையில் பதித்து, மோட்டார்மேன் கண் இருக்கும் உயரத்திலிருந்து பார்த்தார்.

சுவர்.

நூற்றெழுபதுக்குத் தள்ளினார். சுவர். நூற்றைம்பது. சுவர். நூற்று முப்பதில்தான் ஓரத்தில் நீலம் எட்டிப் பார்த்தது.

சாதனாவைப் பார்க்கச் சொன்னார். கலைச்செல்வியைப் பார்க்கச் சொன்னார். இன்னொரு முறை தானே பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்திருக்க முடியாது, செல்வி. நூத்தி முப்பதுல எந்த வண்டியும் நிக்காது."

"எந்திரிங்க. இட்லி ஆறுது."

ஆறு இட்லி சாப்பிட்டார். கட்டிலில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப் போனார். சாத்த முடியாத கதவு வழியாக அவர் குறட்டை ஹாலைத் தாண்டி மாடிப்படி வரை கேட்டது.

படியில் சாதனா தயங்கி நின்றாள்.

"அக்கா, ஒரு விஷயம். நேத்து கோவண்டியில ஒரு சைட்டுக்குப் போயிருந்தேன், அந்த வளைவு பக்கத்துலதானே. ஒரு தடவை சரிபார்க்காம எனக்கு மனசு கேக்கலை. அந்தக் கேங்மேனை வெச்சு நானும் அளந்தேன். சுவர் மூணு மீட்டர்ல இல்லை, எட்டுல இருக்கு. எட்டுல வெச்சா இருநூறுலயே ஆள் தெரிஞ்சுடும்." குரலைத் தணித்தாள். "நீங்க கை தவறி எழுதியிருப்பேள். சொல்லுங்கோ, அவர் எழுந்துக்கறதுக்குள்ள பேர்த்தெடுத்து சரியா வெச்சுடறேன்."

கலைச்செல்வி உள்ளே எட்டிப் பார்த்தாள்; குறட்டை நிற்கவில்லை. பிறகு வாசல் கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள்.

"நான் அளக்கும்போதும் எட்டுதான் தாயி இருந்துச்சு," என்றாள். "அதான் உன்னைய நல்லா ஒட்டச் சொன்னேன்."