எண்ணூறு புயல் பார்த்த கண்ணாடி

கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் நான் ஒரு வி.ஆர். கண்ணாடி. என்னைத் தலையில் மாட்டினால் நடுக்கடலும் புயலும் தெரியும், கழற்றினால் ஏ.சி. அறை. இதுவரை எண்ணூறு புயல் காட்டியிருக்கிறேன். என்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் செத்துப்போவேன் என்பது வேறு விஷயம்.

பக்கத்து ஆணியில் தொங்கும் லைஃப் ஜாக்கெட்டிடம், “உனக்கென்ன தெரியும், வெறும் மிதவை!” என்று பீற்றிக்கொள்வேன்.

நேற்று என் மாணவி ஜெனிபா முதல்முறையாக நிஜக் கடலுக்குப் போனாள். ஜாக்கெட்டும் கூடப் போனது. எனக்கு அழைப்பில்லை. சாயங்காலம் ஜாக்கெட் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தது.

“என் பிள்ளை எப்படிச் செய்தாள்?”

“படகு சாய்ந்து தண்ணீரில் விழுந்தாள். கயிறு வீசினார்கள். உன் பிள்ளை அதைப் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்குக் கொண்டுபோய் உன்னைக் கழற்றப் பார்த்தாள்.”

“ஐயையோ! அப்புறம்?”

“தலையில் நீ இல்லையே. மூன்றாம் வீச்சில்தான் கயிற்றைப் பிடித்தாள். அதுவரை இந்த வெறும் மிதவைதான் தாங்கியது.”

இன்று காலை ஜெனிபா மறுபடி என்னை மாட்டிக்கொண்டாள். முதல் அலை எழுந்ததும் அவள் கை மேலே வந்தது. “வேண்டாம்மா, கயிற்றைப் பிடி!” என்று கத்தினேன். எனக்குள் அலைச்சத்தம் மட்டுந்தான் பதிவாகியிருக்கிறது; அவள் காதில் விழுந்ததும் அதுதான். சரியென்று அவள் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஒற்றைக் கையால் என்னைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள்.