தட்டாத கதவு

"அய்யா, சிப்பாய் செத்துட்டான். பாலத்துலருந்து மறுபடி ஆரம்பிங்க," என்றான் அருண்பாண்டி.

சௌரிராஜன் அலுத்துக்கொள்ளாமல் மவுஸைப் பிடித்தார். அறுபதைத் தாண்டியவர். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். காளவாசலில் அருண்பாண்டி நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு ஒரு மாதமாக மதியச் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுகிறார். கேட்பது ஒரே ஒரு வீடியோ கேம்தான்.

அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஏதோ பெயர். கடைக்கு வருகிறவர்களுக்கு அது 'சிப்பாய்'. போருக்குப் போன ஒருவன் வீடு திரும்பும் கதை. பன்னிரண்டு வருடங்களில் ஆறு பாகம் வந்திருந்தது. இது ஏழாவது, கடைசி.

"மொத ஆறையும் தொடாம இதுக்கு மட்டும் ஏன்யா இம்புட்டு மெனக்கெடுறீங்க? கடைசி சீனை நான் போட்டுக் காட்டுறேன். ரெண்டு நிமிசம்தான்."

"வேணாம் தம்பி. அவன் நடந்த வழியில நானும் நடந்துதான் போகணும்."

அருண்பாண்டி சிரித்துக்கொண்டான். பெரியவருக்கு இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியம்.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சிப்பாய் ஒருவழியாக ஊருக்குள் நுழைந்தான். அருண்பாண்டியும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

திரையில் ஒரு வீடு. உள்ளே விளக்கு எரிந்தது. கதவு சாத்தியிருந்தது. சிப்பாய் படியேறிப் போய்க் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. கொஞ்ச நேரம் நின்றவன் வந்த வழியே திரும்பி நடந்தான். திரை கறுத்தது. விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே போக ஆரம்பித்தன.

"பாத்தீங்களா?" அருண்பாண்டிக்கு ஆற்றாமை. "காலேஜ்ல இருந்து இவன்கூட அலையிறேன்யா. எம்புட்டு ஆறு, எம்புட்டு மலை. கடைசில வீட்டு வாசலுக்கு வந்துட்டு, கதவைத் தட்டாம போறான். கோழைப்பய மாதிரி. இதெல்லாம் ஒரு முடிவா?"

சௌரிராஜன் பார்வை பெயர்களிலேயே இருந்தது.

"எழுதுனவனுக்கு வீடு வாசல்னு ஒண்ணு இருந்திருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டான்," என்றான் அருண்பாண்டி.

"இருந்துச்சு தம்பி," என்றார் அவர். எழுத்தாளர் என்று ஓடிய வரியில் ஸ்ரீனிவாஸ் என்ற பெயர் வந்தது. அது மேலே போய் மறையும்வரை பார்த்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். யாரோ பெண் கையெழுத்தில் ஒரு மெயில் முகவரி.

"இந்தப் பாகம் மட்டும்தான் ஸ்ரீனிவாஸ் எழுதுனது. அவன் முகவரி இது, அவங்க அம்மா எழுதிக் குடுத்தா. நம்ம ஜவுளிக்கடைக்கு வர மாட்டேன், கம்ப்யூட்டர்ல விளையாட்டுச் செய்யப் போறேன்னு நின்னான். அப்ப இந்த வாசல்ல இனி கால வைக்காதன்னு என் மகன்கிட்ட நான்தான் சொன்னேன், எட்டு வருசத்துக்கு முன்னாடி."

அருண்பாண்டி சீட்டை வாங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தான்.

சௌரிராஜன் கீபோர்டை அவன் பக்கம் தள்ளினார்.

"கதவு சும்மா சாத்தித்தான் இருக்கு, தட்டச் சொல்லி எழுது தம்பி."