பெரியம்மாவிடம் தனியாக

என் மகனின் பொறியாளர் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் இன்று சம்பளம் வாங்குவது தம்பி மகள் மதுரவல்லி மட்டுமே. அவள் சமூகவியல் சேர்ந்தபோது, "ஊர்க்கதை கேக்கவா காலேஜு?" என்று சிரித்தவன் நான். இப்போது கணக்கெடுக்க வரும் இயந்திரத்திடம் வாய்திறக்காதவர்களைப் பேச வைக்க, அரசு அவளைத்தான் அனுப்புகிறது.

நேற்று என் வீட்டுக்கே வந்தாள்.

"பெரியம்மாகிட்ட தனியாப் பேசணும், பெரியப்பா."

"வீட்டு விஷயத்த வெளிய சொல்ற வழக்கம் இங்க இல்ல. அவ பேசவும் மாட்டா."

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

கதவுக்கு வெளியே நிமிர்ந்தே நின்றேன். உள்ளே என் மனைவி ஓயாமல் பேசினாள், வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. மதுரவல்லியின் சம்பளத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்; இந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

கதவைத் தட்டினேன். "எனக்குக் காபி."

"இருங்க, பேசிட்டிருக்கோம்ல!" என்றாள் என் மனைவி.